மூன்றாம் மாடிக் கதவு

மாமா ஒரு வங்கிப் பெட்டகத்தைத் திறந்துவிட்டாராம், உள்ளே இருந்ததை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வரும்போது பிடிபட்டாராம். சித்தி போனில் சொன்னாள். சித்திக்கு அவளுடைய நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

“ஊரே பேசுதுடா. யாருன்னு குறிப்பா எங்க போய்ச் சொல்றது?”

“பேங்க்கையா சித்தி?”

“சாவி போடுற ஆளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? ஆனா நான் நம்பல. நம்ம மாப்பிள்ளை அந்த மாதிரி ஆளே கிடையாது.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஏண்டா, உள்ள எவ்வளவு இருந்துச்சாம்?”

நான் வேலை செய்யும் நாட்டில் அப்போது காலை. ரயிலில் கம்பியைப் பிடித்தபடி அக்காவை அழைத்தேன்.

“பேங்க் எல்லாம் இல்லடா. ஒரு வீடு.”

“எந்த வீடு?”

“மூணாவது மாடி” என்றாள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது அவள் குரல். அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம்தான் வந்தது. “வர்றதுன்னா வா. வரலன்னாலும் ஒண்ணும் இல்ல. காகிதம் நிறைய குடுத்திருக்காங்க, எனக்கு ஒண்ணும் புரியல.”

சட்டக் காகிதங்கள் எழுதப்படும் மொழியும் எனக்குத் தெரியும் என்பதால், வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாமா என்பவர் அக்காவின் கணவர். தெருவில் அவருக்குப் பெயர் ‘சாவி’. கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. தலையை நிமிர்த்தி உட்கார முடியாது. படிக்கட்டு சரிகிற இடத்தில் அவர் தலையும் சரிந்திருக்கும். வருஷக்கணக்கில் அப்படி உட்கார்ந்து, வெளியே நடக்கும்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடப்பார். பின்னால் ஆணி ஆணியாக, இன்னும் பல் வெட்டாத அச்சுச் சாவிகள். முன்னால் அறுக்கும் இயந்திரம். சட்டைக் காலரில், காது மடலில், புருவத்தில் எப்போதும் பித்தளைத் தூள். “உங்க மாமாவை உருக்குனா ஒரு குடம் செய்யலாம்” என்பாள் அக்கா, படுக்கை விரிப்பை உதறும்போதெல்லாம்.

வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து கொடுப்பார். அடையாள அட்டை கேட்கமாட்டார். ஒருமுறை நான் அதைக் கேட்டபோது சிரித்தார்.

“மாப்ள, அட்டைய உள்ள வச்சிட்டுத்தானே ஜனங்க வெளிய நிப்பாங்க. கதவத் தொறந்தாத்தான் அட்டை, அட்டைய காட்டுனாத்தான் கதவுன்னா, ரெண்டு பேரும் படியில உக்காந்து பேசிட்டே இருக்க வேண்டியதுதான்.”

அவரிடம் வேறு ஒரு வழக்கம் இருந்தது. வேலையைத் தொடங்குமுன், “கதவத் தொறந்ததும் முதல்ல கண்ணுல படறது என்ன?” என்று கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டு பூட்டைத் திறப்பார். ஒரு கை நுழையும் அளவுக்குக் கதவைத் தள்ளி எட்டிப் பார்ப்பார். சொன்னது சரியாக இருந்தால் ஒதுங்கி, முதுகைத் திருப்பிப் படிக்கட்டைப் பார்த்து நின்றுகொள்வார். அடுத்தவர் வீட்டுக்குள் அதற்குமேல் பார்ப்பது அசிங்கம் என்பது அவர் கட்சி. ஒருவன் “என் மாமியார்” என்று சொன்னானாம். திறந்தால் நேர் எதிரே நாற்காலியில் ஓர் அம்மாள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். “மணியடிச்சிப் பாத்தியாப்பா?” என்றாராம் மாமா. “அதுக்கு உங்களைக் கூப்பிடறது சுலபம்ணே” என்றானாம் அவன்.

அந்த மூன்றாம் மாடிப் பெண் ஒரு மதிய நேரத்தில் கடைக்கு வந்தாள். சாவி தொலைந்துவிட்டது என்றாள். மாமா கூடவே போனார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். செருப்பு அலமாரி, அதன்மேல் ஓடாத கடிகாரம், பக்கத்தில் கைப்பிடி உடைந்த நீலக் குடை என்றாள். பூட்டு அவருடைய கம்பிக்கு மசியவில்லை.

“புதுப் பூட்டா இருக்கே?”

“போன மாசம்தான் மாத்துனோம்” என்றாள் அவள்.

துளை போட்டுத்தான் திறக்கவேண்டியிருந்தது. எட்டிப் பார்த்தார். அலமாரி, கடிகாரம், குடை எல்லாம் இருந்தன. திரும்பி நின்றுகொண்டார். அவள் உள்ளே போய் இரண்டு பைகளோடு வெளியே வந்தாள். நாளைக்கு நல்ல பூட்டாக வாங்கி மாட்டச் சொல்லி, கதவை இழுத்துச் சாத்திவிட்டு மாமா கடைக்குத் திரும்பினார்.

அவள் அந்த வீட்டில் குடியிருந்தவள்தான். ஆனால் கணவனோடு பிரிந்து வெளியேறி மாதங்கள் ஆகியிருந்தன. வீடு அவன் பேரில். அவள் அங்கே நுழையக்கூடாது என்று அவன் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி, பூட்டையும் மாற்றியிருந்தான். அவள் எடுத்தது தன் துணியும் சான்றிதழ்களும் என்கிறாள். அவன் தன்னுடைய கைக்கடிகாரமும் கேமராவும் காணவில்லை என்கிறான். எது எப்படியோ, அன்று மாலை கடைக்குப் போலீஸ் வந்தது.

ஸ்டேஷனில் மாமா எதையும் மறைக்கவில்லை. பூட்டுப் புதுசு என்பது தெரிந்ததா? தெரிந்தது. துளை போட்டது யார்? நான்தான். அதோடு விட்டிருக்கலாம். அங்கே சாவி தொலைந்து வெகுகாலமாகத் திறக்காத இரும்பு அலமாரி ஒன்று நின்றது. “இதத் தொறப்பியா, பாக்கலாம்?” என்று ஒருவர் சீண்டினார். மாமா மேசையில் கிடந்த காகிதக் கவ்வியை நிமிர்த்தி, இரண்டு குடை குடைந்து திறந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்களாம். டீ வாங்கிக் கொடுத்தார்களாம்.

“நல்ல மனுஷங்க” என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

குற்றப்பத்திரிகையில் அதைப் பற்றிய வரியை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘பூட்டிய அலமாரியை எந்தச் சாவியும் இன்றிச் சில நொடிகளில் திறந்து, தம் திறமையைத் தாமே முன்வந்து வெளிப்படுத்தினார்.’

மாமா தலையசைத்தார். “ஆமா, அது உண்மைதான்.”

மாமாவை ஜாமீனில் எடுத்த வக்கீலம்மாவின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மாத்திரை வாசனை படியேறி அங்கேயும் வரும். அறையில் மின்விசிறியின் கீழே காகிதங்கள் பறக்காமலிருக்க, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு காலி டீ டம்ளர். வக்கீலம்மா வேகமாகப் பேசுகிறவர். எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று கண்ணைப் பார்ப்பார். புரியவில்லை என்றால் கோபப்படாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

“மூணு குற்றச்சாட்டு. ஒண்ணு, வீட்டை உடைச்சு உள்ள போனது. ரெண்டு, திருட்டுக்கு உடந்தை. மூணு, உடைக்கிற கருவிகளைக் கையில வச்சிருந்தது. தலைப்பைப் பாத்து பயப்படாதீங்க. தலைப்பு யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் என்னென்ன இருக்கணும்னு இந்த மாநிலத்துச் சட்டம் சொல்லுது. அதுல ஒண்ணு குறைஞ்சாலும் அந்தக் குற்றச்சாட்டு நிக்காது.”

“நான் உள்ளயே போகலயேம்மா” என்றார் மாமா.

“கை?”

“என்னம்மா?”

“எட்டிப் பாத்தப்ப கதவுக்கு அந்தப் பக்கம் தலையோ கையோ போச்சா இல்லியா?”

மாமா யோசித்தார். “தலை போச்சு.”

“அதுவே உள்ள போனதுதான்னு அவங்க வாதாடலாம். சரி, விடுங்க. நம்ம கேஸ் அங்க இல்ல. மனசுல என்ன இருந்துச்சுங்கறதுலதான் இருக்கு. அந்தம்மாவுக்கு உரிமை இல்லாத வீடுன்னு தெரிஞ்சே தொறந்தீங்களா? அவங்க எடுக்கப்போறது திருட்டுன்னு தெரிஞ்சே உதவி பண்ணீங்களா? இத அரசுத் தரப்புதான் நிரூபிக்கணும். சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். நீங்க நல்லவர்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல.”

“அப்ப எம்மேல தப்பில்லன்னு நானே போய்ச் சொன்னா?”

“சொல்லாதீங்க. இதுவரைக்கும் நீங்க சொன்னதே போதும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அந்தக் கருவி விஷயம்?” என்று கேட்டேன். “அவர் தொழிலே அதுதானே?”

“அதே பை கடையில இருந்தா தொழில். அடுத்தவங்க வாசல்ல இருந்தா, எதுக்கு வச்சிருந்தாருங்கற கேள்வி வரும். அங்கேயும் மனசுதான். புதுப் பூட்டுன்னு தெரிஞ்சும் ஏன் விசாரிக்கலன்னு கேப்பாங்க. விசாரிச்சார், அந்தம்மா ‘மாத்துனோம்’னு சொன்னாங்கன்னு நாம சொல்வோம். அத யாரு பாத்தது? படியில ரெண்டே பேர்தான். ஒருத்தர் இவர். இன்னொருத்தர் அந்தம்மா.”

ஜாமீன் நிபந்தனைகளை விரல் மடக்கிச் சொன்னார். ஊரை விட்டுப் போகக்கூடாது. வாய்தா தவறக்கூடாது. புகார் கொடுத்தவரைப் பார்க்கவோ பேசவோ அந்தக் கட்டடத்துப் பக்கம் தலைவைக்கவோ கூடாது. “இதுல ஒண்ணு மீறினாலும் உள்ள போயிடுவீங்க. அப்புறம் கேஸ் முடியற வரைக்கும் வெளிய எடுக்கறது கஷ்டம். புரியுதா?”

“புரியுதும்மா.” ஆனால் மாமா அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த காகிதங்களில் ஒரு புகைப்படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் எடுத்த படம். அந்தக் கதவு. அவர் போட்ட துளைக்கு மேலே இப்போது ஒரு கொண்டியும் அதில் ஒரு சின்னத் தொங்குபூட்டும்.

அதன்பிறகு வீட்டில் செய்ய எதுவும் இல்லை. கருவிப் பையைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கடை சாத்திக் கிடந்தது. மாமா காலையில் குளித்து, சட்டை போட்டு, கூடத்து நாற்காலியில் உட்காருவார். கைகளை முட்டிமேல் கவிழ்த்து வைத்திருப்பார். டிவி ஓடும், பார்க்கமாட்டார். அக்கா அவரைச் சுற்றிப் பெருக்குவாள். விளக்குமாறு கிட்டே வரும்போது காலைத் தூக்கிக்கொள்வார். ‘கேஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீர் வந்ததா, கறிவேப்பிலை இருக்கிறதா, இதுதான் பேச்சு. விரிப்பை உதறினால் ஒன்றும் விழவில்லை. அக்கா இரண்டுதரம் உதறிவிட்டு மடித்து வைத்தாள்.

நானும் அப்படித்தான் ஆனேன். விமானத்தில் வரும்போது எத்தனையோ கேள்விகள் குறித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாளிலிருந்து நானும் டிவியைப் பார்க்காமல் பார்த்தேன்.

ஒரு முற்பகலில் மாமா முடிவெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். நல்லதுதான், கொஞ்சம் வெளிக்காற்று படட்டும் என்றாள் அக்கா.

அவர் முடிவெட்டப் போகவில்லை. வழியில் ஒரு நல்ல பூட்டு வாங்கியிருக்கிறார். போட்டோகாப்பிக் கடைக்காரரிடம் ஸ்க்ரூடிரைவர் இரவல் வாங்கியிருக்கிறார். நேரே அந்தக் கட்டடத்துக்குப் போய், மூன்றாம் மாடி ஏறி, மண்டி போட்டு உட்கார்ந்து, தொங்குபூட்டுக் கொண்டியைக் கழற்றி, தான் போட்ட துளையை அடைத்துப் புதுப் பூட்டைப் பொருத்தியிருக்கிறார். கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்போது புகார் கொடுத்தவர் படியேறி வந்தார்.

மாமா எழுந்து நின்று சாவிக் கொத்தை நீட்டினாராம். “எல்லாச் சாவியும் இதுல இருக்கு சார். எங்கிட்ட நகல் கிடையாது.”

அந்த மனிதர் ஓரடி பின்னால் போய் போனை எடுத்தார்.

ஸ்டேஷனிலிருந்து வக்கீலம்மாதான் அவரைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தார். வக்கீலம்மா கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். கோபத்திலும் குரலை உயர்த்தவில்லை.

“ஏன் போனீங்க?”

“அந்தக் கொண்டியில ஸ்க்ரூ வெளிய தெரியுதும்மா. யார் வேணா கழட்டிடலாம்.”

“கழட்டட்டும்!”

“திருட்டுப் போனா?”

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். “கேட்டீங்களா? இவரக் கூண்டுல ஏத்துனா அரசு வக்கீலுக்கு வேலையே இருக்காது. இவரே ரெண்டு பக்கமும் வாதாடிடுவார்.”

“நான் உடைச்ச கதவும்மா” என்றார் மாமா. “உடைச்சா சரி பண்ணிக் குடுத்துடணும். அந்தம்மா நாளைக்கு மாட்டிக்கறேன்னு சொன்னாங்க, அன்னிக்கு விட்டுட்டு வந்துட்டேன். அந்தப் போட்டோவப் பாத்ததுல இருந்து தூக்கமே இல்ல.”

“அவங்க காகிதத்துல அது எப்படி இருக்கும் தெரியுமா? ஜாமீன்ல இருந்தவர் கையில கருவியோட புகார்தாரர் வீட்டு வாசலுக்குப் போய், பூட்டக் கழட்டி, அவரே புதுப் பூட்டு போட்டார். சாட்சிய மிரட்டுனதா ஆகும். இனிமே உங்க கதவு என் கையிலன்னு சொன்ன மாதிரி ஆகும்.”

மாமாவுக்கு, அது அப்படியும் தோன்றக்கூடும் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது.

ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள். கூடவே அரசு வக்கீல் ஒரு வழியும் சொல்லி அனுப்பினார். மூன்றாவது குற்றச்சாட்டை, அந்தக் கருவி விஷயத்தை மட்டும், ஒத்துக்கொண்டால் மற்ற இரண்டையும் கைவிடுவார்கள். அபராதம் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மனுவும் தானாகப் போய்விடும்.

“அத ஒத்துக்குங்க” என்றாள் அக்கா உடனே. “அபராதம்தானே? கட்டிட்டு வந்துடுவோம்.”

“அந்தப் பிரிவுல தண்டனை ஆனவருக்குப் பூட்டுத் தொழில் உரிமம் கிடையாது” என்றார் வக்கீலம்மா. “இந்த மாநிலத்துல எங்கேயும் கிடையாது. வேற ஒருத்தர் கடையில உக்காந்து சாவி அறுத்துக் குடுக்கறதும் கூடாது. அத நான் சொல்லித்தான் ஆகணும்.”

“வேற வேல பாத்துக்கலாம்.”

“என்ன வேல?” என்றார் மாமா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிற, சாவியைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்கு என்ன வேலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“ஒத்துக்காம போனா?” என்று கேட்டேன்.

“அன்னிக்கே உள்ள வச்சிடுவாங்கன்னுதான் நினைக்கிறேன். விசாரணை முடியற வரைக்கும். பல மாசம் ஆகலாம். விசாரணையில ஜெயிக்கலாம், அந்தம்மா வந்து ‘என் வீடுன்னு நான்தான் சொன்னேன், உத்தரவு இருக்கறது அவருக்குத் தெரியாது’ன்னு சொன்னாங்கன்னா. ஆனா அப்படிச் சொன்னா உத்தரவ மீறுனத அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அவங்க மேலயும் கேஸ் இருக்கு. வாயத் திறக்காம இருக்க அவங்களுக்கும் உரிமை இருக்கு. அவங்க வக்கீல் திறக்க விடமாட்டார். நான் அந்த இடத்துல இருந்தா நானும் விடமாட்டேன்.”

இரண்டு நாள் அக்கா மாமாவிடம் பேசிப் பார்த்தாள். சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, ஒரே தொனியில். “வீட்டுல இருந்தாப் போதும். சும்மா இருங்க. நான் தைக்கிறேன், தம்பி அனுப்புவான், எப்படியோ ஓடும்.” மாமா “ம்” என்பார். எதற்கு ‘ம்’ என்று கேட்டால் அதற்கும் “ம்.” ஒருதரம் அக்கா கரண்டியை மேடையில் போட்டுவிட்டு, “கல்லு மாதிரி உக்காந்திருக்காரே, நீயாவது கேளேன்டா” என்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன மாமா யோசிக்கிறீங்க?”

“ஒண்ணும் யோசிக்கல மாப்ள” என்றார். “யோசிச்சாத்தான் நல்லதுன்னு தோணுது. ஆனா உள்ள ஒண்ணும் ஓட மாட்டேங்குது.”

வழக்கு நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் இடமில்லை. சுவரோரம் பெஞ்சுகளில் எல்லா வயதிலும் ஆட்கள், மடியில் பைகளோடு, யார் முகத்தையும் பார்க்காமல். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு துணிப்பையில் மாமாவின் கண்ணாடி, மாற்றுச் சட்டை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் எடுத்து வந்திருந்தாள். அவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று இரண்டு நாளும் பேசியவள்தான் அதைக் கட்டினாள்.

வக்கீலம்மா வேகமாக வந்தார். “நேத்து சாயங்காலம் அந்தம்மாவோட வக்கீல் பேசினார். அவங்க வந்து சொல்றேங்கறாங்களாம். அவர் வேண்டாங்கறார். ராத்திரி யோசிச்சுட்டு, கோர்ட்டு கூடறதுக்குள்ள முடிவச் சொல்றோம்னார். இன்னும் பேசல.”

“வரலன்னா?” என்றாள் அக்கா.

“வரலன்னா ஒத்துக்கறதப் பத்தி யோசிக்கணும். அவங்க இல்லாம ஜெயிக்க முடியாதுன்னு சொல்லல. கஷ்டம்னு சொல்றேன். ஆனா முடிவு இவரோடது. நானும் எடுக்கக்கூடாது, நீங்களும் எடுக்கக்கூடாது.”

மூவரும் மாமாவைப் பார்த்தோம். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

“நீதிபதி என்ன கேப்பார்?” என்றார்.

“குற்றத்த ஒத்துக்கறீங்களான்னு கேப்பார். ஆமாம், இல்லை. ரெண்டுல ஒண்ணு. கத சொல்லக்கூடாது.”

“இல்லன்னு சொல்லிடறேன்.”

அக்கா அவர் முழங்கையைப் பிடித்தாள். “அந்தப் பொண்ணு வர்றாளான்னு தெரிஞ்சப்புறம் சொல்லுங்க. ஒரு நிமிஷம் பொறுங்க.”

“வந்தாலும் வரலன்னாலும் அதான்” என்றார் மாமா. வாடிக்கையாளருக்கு, நகல் சாவி எப்போது கிடைக்கும் என்று சொல்கிற குரல். “உடைக்கற எண்ணத்தோட கருவி வச்சிருந்தேன்னு என் வாயால சொல்ல வராது. சொல்லிப் பாத்தேன், பாத்ரூம்ல. வரல.”

அக்கா கையை எடுக்கவில்லை. துணிப்பையை அவர் மடியில் வைத்தாள். அவர் உள்ளே விரலைவிட்டு, கண்ணாடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சரி” என்றார் வக்கீலம்மா. “சரி. அப்ப அவங்க வர்றது இன்னும் முக்கியம்.” போனை எடுத்து அந்தப் பெண்ணின் வக்கீலை அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. நீதிமன்ற ஊழியர் ஒரு வழக்கு எண்ணைச் சொன்னார். அது எங்களுடையதுதானா என்று நான் காகிதத்தைப் பார்ப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். வக்கீலம்மா போனை என் கையில் கொடுத்து, “எடுத்தா உடனே உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போனார். அக்காவும் போனாள். நான் அதைக் காதில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மணி போய்க்கொண்டே இருந்தது.